பறவைகளுக்கு விலாசம் எழுதியவர்

கல்லல் தபாலாபீசில் உடையப்பன் என்று ஒரு தபால்காரர் இருந்தார். ஒல்லி உடம்பு, காக்கிச் சட்டை, மிதிக்கும்போதெல்லாம் முனகும் ஒரு பழைய சைக்கிள். சபையில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிற ஆள் ஒன்றும் இல்லை. ஆனால் தன் ஆயுளில் ஒரே ஒரு புத்தகம் எழுதினார். அந்த ஒன்றால் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

முதலில் அவருடைய தொழில் குணத்தைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. விலாசம் சரியில்லை என்று ஒரு கடிதத்தைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனசே வராது. மலாயாவிலிருந்து வரும் உறையில் 'கல்லல் பக்கம், புளியமரத்து வீட்டுக்காரி' என்று மட்டும் இருக்கும். அந்தப் பக்கத்தில் புளியமரம் இல்லாத வீடு ஏது? அவரோ வீடு வீடாக இறங்கி விசாரித்து மூன்றாம் நாள் சரியான கையில் சேர்த்துவிடுவார். ஊரும் வழியும் முழுசாக எழுதாதவர்கள் மேல் அவருக்கு அப்படி ஒரு கோபம். "வெலாசம் எழுதத் துப்பில்லாதவன் எதுக்கு லெட்டர் போடுறான்?" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திட்டுவார்.

இன்னொரு குணம் வாயடக்கம். எழுத்துத் தெரியாத வீடுகளில் கடிதத்தைப் படித்துக் காட்டுவதும் அவர்தான். மருமகன் கோபித்துக்கொண்டு எழுதியது, மகள் கண்ணீர்விட்டு எழுதியது எல்லாம் அவர் வயிற்றோடு சரி. மனைவி அழகி எத்தனையோ தடவை துருவிப் பார்த்திருக்கிறாள். "கல்லுக்கிட்டக் கேட்டாலும் ரெண்டு வார்த்த வரும், இந்த மனுசன்கிட்ட வராது" என்று அலுத்துக்கொள்வாள்.

பறவைப் பைத்தியம் பிடித்தது ஒரு தந்தியால். 1961 ஆவணி மாதம், பினாங்கிலிருந்து வந்த சாவுத் தந்தியை ஒரு செட்டியார் வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்த வீட்டு ஆச்சிக்குச் சேதியைப் படித்துச் சொன்னதுதான் தாமதம், ஆச்சி நெஞ்சில் அறைந்துகொண்டு அலறினார்: "சாக்குருவி மாதிரி வாசல்ல வந்து நிக்கிறீகளே, பாவி!"

உடையப்பனுக்கு ஆச்சிமேல் வருத்தமில்லை. தாலி அறுந்த வாய் எதையும் சொல்லும். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பறவையே மனசில் நின்றது. சேதி சொன்னதற்கு இவரைத் திட்டினார்கள். அந்தக் குருவியை எதற்குத் திட்டுகிறார்கள்? சாக்குருவி என்றால் எது என்று மறுநாள் முதல் போகிற ஊரிலெல்லாம் கேட்டார். ஒருவர் ஆந்தை என்றார். ஒருவர் கூகை என்றார். இன்னொருவர், "அது கண்ணுக்குத் தெரியாதுப்பா, சத்தம் மட்டுந்தான்" என்று கையை விரித்தார். ஒரு மாதம் கழித்து ஒரு மருதமரப் பொந்தில், உள்ளங்கையில் அடங்குகிற அளவில் ஒரு புள்ளி ஆந்தை பகலில் உட்கார்ந்து இவரைப் பார்த்து முழித்தது. இதுவா ஆளைக் கொல்லும் என்று உடையப்பனுக்குச் சிரிப்பும் வந்தது, பரிதாபமும் வந்தது. அன்று சாயங்காலமே ஒரு நோட்டு வாங்கினார்.

காரைக்குடியில் நூலகத்துக்குப் போய்ப் பறவைப் புத்தகம் கேட்டார். இங்கிலீஷில் ஒன்று இருந்தது. படம் பார்த்தார், எழுத்துப் புரியவில்லை. தமிழில் இருந்ததில் மயிலும் கிளியும் புறாவும் மட்டுமே இருந்தன. "அப்ப நம்ம பக்கத்துல பறக்குறதெல்லாம் என்ன, காத்தாடியா?" என்று கேட்டுவிட்டு வந்தார். நம்ம பக்கத்துக்கு நாமே எழுதினால் என்ன என்ற நினைப்பு அன்றைக்கு விழுந்தது. எழுதினால் ஒரு பொய் இருக்கக் கூடாது, கண்ணால் காணாத ஒரு வரி இருக்கக் கூடாது என்றும் அன்றைக்கே தீர்மானித்துக்கொண்டார்.

ஆறு வருஷம் இதே வேலை. கடிதத்தைக் கொடுப்பார், பறவையைக் கேட்பார். ஒரே கரிச்சானுக்கு ஓர் ஊரில் கரிக்குருவி, அடுத்த ஊரில் ரெட்டைவாலன், அதற்கும் அடுத்த ஊரில் வலியான். மதுரைச் சொக்கநாதர் கரிக்குருவிக்கு உபதேசம் செய்து வலிமை கொடுத்த கதையை அந்த ஊர்க்காரர்கள் பக்கத்து வீட்டில் நடந்தது மாதிரி சொன்னார்கள். வானம் இடிந்து விழுந்தால் தாங்கிக்கொள்ள ஆக்காட்டி காலை மேலே தூக்கிக்கொண்டுதான் தூங்கும் என்றார் ஒருவர். உடையப்பன் பத்து நாள் ஒளிந்திருந்து பார்த்துவிட்டு, 'அப்படிச் சொல்வார்கள். நான் பார்த்தவரை குந்தியே தூங்குகிறது' என்று எழுதினார். செம்போத்தைப் பார்த்த அன்று மணியார்டர் வரும் என்று ஒரு கிழவர் இவரையே வழிமறித்துக் கேட்டதும் நோட்டில் ஏறியது.

எல்லா ஊரையும்விட அவர் மனசைப் பறித்தது குருந்தம்பட்டி. நூறு வீட்டு ஊர். ஊரைவிடப் பெரிய கண்மாய், அதற்குள் தண்ணீரில் நிற்கும் கருவேல மரங்கள். ஐப்பசி மழைக்குக் கண்மாய் பெருகியதும் எங்கிருந்தெல்லாமோ பறவைகள் வந்து இறங்கும். மார்கழி, தையில் மரத்துக்கு முப்பது கூடு இருக்கும். தாய்வீட்டுக்குப் பிள்ளைப்பேற்றுக்கு வந்த மகளை எப்படி வைத்துக்கொள்வார்களோ அப்படித்தான் அந்த ஊர் அவற்றை வைத்துக்கொண்டது. தீபாவளிக்கு அங்கே ஒரு வெடி வெடிக்காது. ஐப்பசி முதல் மாசி வரை மேளச் சத்தமுள்ள எந்தக் காரியமும் கிடையாது. அந்த மாதங்களில் சாவு விழுந்தால்கூடக் கொட்டு இல்லாமல்தான் பாடை போகும். அப்பனைக் கொட்டில்லாமல் தூக்குவது பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய குறை! ஆனாலும் அந்த ஊரில் யாரும் மீறியதில்லை.

அங்கே ஆடு மேய்க்கும் சிட்டாள்தான் அவருக்குப் பாதிப் பறவைகளைச் சொன்னவள். உடையப்பனைவிட நாலைந்து வயது மூத்தவள். வெடுக்கென்று பேசுவாள். எழுத்து ஒன்று தெரியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சிறகுச் சத்தத்தை வைத்தே வந்தது நத்தைகொத்தியா, அருவாமூக்கனா என்று சொல்லிவிடுவாள். எந்த மரத்தில் எந்தக் கூட்டில் எப்போது முட்டை வைத்தது, குஞ்சு எப்போது எட்டிப் பார்க்கும் என்பதெல்லாம் அவளுக்கு விரல் கணக்கு. உடையப்பனைக் கரையின் வடகோடிக்குக் கூட்டிப்போய்க் காட்டியதும் அவள்தான்.

"எல்லாத்தையும் எழுதிக்கிறீகளே தம்பி, இதையும் எழுதிக்கங்க" என்று ஒருநாள் சொன்னாள். "கூடு கண்டவன் வாயைத் தொறக்கக் கூடாது. அசலூர்க்காரன் 'பறவ வந்திருச்சா'ன்னு கேட்டா, 'இந்த வருசம் மழ எப்படியோ'ன்னு சொல்லிட்டுப் போயிரணும். இது எங்க ஊரு வழக்கம்."

உடையப்பன் வரி பிசகாமல் எழுதிக்கொண்டார்.

1968இல் புத்தகம் அச்சேறியது. காசு எப்படிப் புரட்டினார் என்று அழகியைக் கேட்டால் இரண்டு நாள் சொல்வாள். நமக்கு அது வேண்டாம். காரைக்குடியில் சொக்கலிங்கம் என்பவரின் சின்ன அச்சகத்தில் ஐந்நூறு படி. படங்களைக் காளிதாஸ் ஆசாரி மரக்கட்டையில் செதுக்கிக் கொடுத்தார். கதவு நிலைகளில் அன்னமும் கிளியும் செதுக்கியே பழகிய கை அது. கூழைக்கடாவுக்கும் அன்னத்தின் கழுத்தை வைத்துவிட்டார். 'கல்லல் பக்கத்துப் பறவைகள்' என்று பெயர்.

புத்தகத்தில் ஒவ்வொரு பறவைக்கும் கீழே 'இருப்பிடம்' என்று ஒரு தலைப்பு. தபால்காரர் எழுதினால் எப்படி இருக்கும்? குருந்தம்பட்டி வழக்கத்தை அறுபத்தோராம் பக்கத்தில் அழகாக எழுதியிருந்தார், கூடு கண்டவன் வாய் திறக்கக் கூடாது என்பது உட்பட. பக்கத்தைத் திருப்பினால் அறுபத்திரண்டில் இப்படி: 'இருப்பிடம்: குருந்தம்பட்டிக் கண்மாய். கல்லல் ரயிலடியிலிருந்து தெற்கே நாலரை மைல். இரண்டாவது பாலத்தில் இடப்பக்கம் திரும்பவும். கண்மாய்க்கரை வரை வண்டி போகும். வடகோடியில் நின்றால் கூடுகள் கைக்கெட்டும் தூரம். காலம்: மார்கழி, தை.'

அச்சுக் கோக்கும்போது சொக்கலிங்கமே ஒரு தடவை தலையைத் தூக்கிக் கேட்டார்.

"இம்புட்டு விவரம் வேணுமா, ஐயா?"

"வெலாசம் முழுசா இல்லாட்டி எப்படிங்க போய்ச் சேரும்?" என்றார் உடையப்பன். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. முதல் படியைத் தபால் பையில் வைத்துக்கொண்டு நேரே சிட்டாளிடம்தான் போனார். முன்னுரையில் 'இந்நூலில் உள்ள பெயர்களில் பாதி குருந்தம்பட்டிச் சிட்டாள் சொன்னவை' என்று இருந்ததைப் படித்துக் காட்டினார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். படங்களைப் புரட்டி, கூழைக்கடாவின் கழுத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அறுபத்திரண்டாம் பக்கத்தை அவர் படித்துக் காட்டவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. வெறும் விலாசம்தானே, அதில் படித்துக் காட்ட என்ன இருக்கிறது என்று நினைத்தார்.

அந்தத் தை மாதம், பொங்கல் கழிந்து ஐந்தாம் நாள். காலைத் தபாலோடு குருந்தம்பட்டிக்குத் திரும்பும் பாலத்தில் இறங்கும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. மண்பாதையில் ஜீப்புச் சக்கரத் தடம். இறகுகள் முள்ளில் மாட்டிக் கிடந்தன. ஊருக்குள் ஓர் ஆள் இல்லை. எல்லாரும் கரையில் நின்றார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் டவுனிலிருந்து ஆறு பேர் துப்பாக்கிகளோடு வந்திருக்கிறார்கள். வழி கேட்கவில்லை, நேரே வடகோடிக்குப் போயிருக்கிறார்கள். இருட்டுகிற வரைக்கும் சுட்டிருக்கிறார்கள். ஊர் திரண்டு கரைக்கு ஓடி வருவதற்குள் சாக்குகளை நிரப்பிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். எடுக்க முடியாதவை தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக மிதந்தன. பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அவற்றை அள்ளிக்கொண்டிருந்தார்கள். கொடுமை அதுகூட இல்லை. மரத்தின்மேல் கூடுகளில் குஞ்சுகள் உயிரோடு இருந்தன. தாய் தகப்பன் இல்லாமல் வாயைப் பிளந்து பிளந்து கத்திக்கொண்டிருந்தன. முள்மரம், யாரும் ஏற முடியாது. ஏறினாலும் எதைக் கொடுத்து வளர்ப்பது?

உடையப்பன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். "அக்கா, யாருக்கா? யாரு பண்ணுனா?"

சிட்டாள் ஈரச் சேலையோடு கரையேறி வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஒங்க புஸ்தகத்தக் கையில வச்சுக்கிட்டுத்தான் தம்பி வந்தாக. நாந்தான் ஆட்டோட குறுக்க நின்னு, பறவையே வரலைன்னு சொன்னேன். அந்தக் கழுத்து நீண்ட படத்த எங்கிட்ட விரிச்சுக் காட்டி, 'இங்கதானே, வடகோடிதானே, போட்டிருக்கே'ன்னாக. எங்க ஊரே வாயப் பூட்டி வச்சிருக்க, நீங்க தொறந்துட்டீகளே."

ஊர் அம்பலம் மருது பக்கத்தில் வந்தார். அந்த ஊரில் அவர் சொல்தான் கடைசிச் சொல். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்த உடையப்பனுக்கு அவர் குரல் தணிந்திருந்ததுதான் தாங்க முடியாமல் போனது.

"இத்தன வருசமா எங்க வீட்டு லெட்டரெல்லாம் படிச்சிருக்க. எம்மக வாழாம வந்தத மொதல்ல படிச்சவன் நீதான். பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லல. அந்த நம்பிக்கையிலதானப்பா ஒன்ன இந்தக் கரையில ஏத்துனோம். மனுசங்க ரகசியத்தக் காத்துட்ட. இதுகளுக்கு மட்டும் ஏன்டா வாயத் தொறந்த?"

"தப்பா நெனச்சு எழுதலீங்க..."

"தெரியும். நல்லதுக்குன்னுதான் எழுதியிருப்ப. தபாலு கொண்டாரது ஒன் வேல. கொண்டா, குடுத்துட்டுப் போ. கம்மாக்கரைக்கு இனி வராத."

வீட்டுக்கு வந்து உடையப்பன் சோற்றைத் தொடவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்காகக்கூட முடியவில்லை, எமனாக முடிந்தது. ஆறு வருஷம் நாயாய் அலைந்து, ஒரு வரி பொய் சேர்க்காமல் எழுதிய புத்தகம். அதில் இருந்த உண்மைதான் சுட்டது. பொய்யாக எழுதியிருந்தால் அந்தக் குஞ்சுகள் பிழைத்திருக்கும் என்று நினைக்க நினைக்க அவருக்கு அழுகை அடங்கவில்லை.

லீவு போட்டுவிட்டுப் புத்தகத்தைத் திரும்ப வாங்கக் கிளம்பினார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான். என்ன செய்வது, சும்மா இருக்க முடியவில்லை. அச்சகத்தில் மிச்சம் இருந்தவை, கடைகளில் இருந்தவை, தானே கொண்டுபோய்க் கொடுத்த வாத்தியார் வீடுகள் என்று அலைந்து நானூற்றுச் சொச்சம் சேர்த்தார். கொல்லையில் அண்டாவில் ஊறப்போட்டுக் கூழாக்கினார். மிதித்துக் கசக்கும்போது காளிதாஸ் ஆசாரியின் கொக்கும் நாரையும் மை கரைந்து காலில் ஒட்டின. அழகி வாசலில் நின்று பார்த்தாள். பிறகு தண்ணீர் இறைத்து ஊற்றினாள். எஞ்சிய எண்பது தொண்ணூறு எங்கே போயின என்று கடைசி வரை தெரியவில்லை.

அடுத்த ஐப்பசியில் குருந்தம்பட்டிக் கண்மாய் பெருகியது. பறவை வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் வரவில்லை. உடையப்பன் தபாலைக் கொடுப்பார், கரைப் பக்கம் தலையைத் திருப்பாமல் வந்துவிடுவார். சிட்டாள் எதிரில் வந்தால் ஆட்டை ஓட்டிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவாள். முறை சொல்லிக் கூப்பிட்டதெல்லாம் போய், "தபால்காரரே, எங்களுக்கு ஏதும் இருக்கா?" என்பதோடு பேச்சு முடிந்தது.

1971 மார்கழியில் மருது அம்பலம் இறந்தார். உடையப்பன் பாலத்துப் பக்கம் வந்துகொண்டிருந்தபோது அந்த ஊரிலிருந்து கொட்டுச் சத்தம் கேட்டது. முதலில் காதில் விழுந்தது என்னவென்றே பிடிபடவில்லை. மார்கழி மாதத்தில் குருந்தம்பட்டியிலிருந்து கொட்டுச் சத்தமா? அப்புறம் புரிந்தது. இனி யாருக்காக அடக்கி வாசிப்பது? பறவை இல்லாத ஊரில் சாவுக்குக் கொட்டு அடிக்கத் தடை ஏது? அம்பலத்தை ஊரே கூடி, தாரை தப்பட்டையோடு பெரிய சாவாக அனுப்பி வைத்தது. உடையப்பன் பாலத்துக் கட்டைச்சுவரில் உட்கார்ந்து, பாடை சுடுகாடு சேர்ந்து சத்தம் ஓயும்வரை அழுதார்.

அதன்பிறகு நாலு வருஷம். 1975 மார்கழியில் ஒருநாள் அதே பாதையில் தபாலோடு போனபோது எதிரே ஒரு பாடை வந்தது. அம்மாக்கண்ணு என்ற கிழவி, தொண்ணூறு வயது, பேரன் பேத்தி எடுத்தவள். கல்யாணச் சாவு. ஆனால் கொட்டு இல்லை. நாலு பேர் தூக்கி வர, பின்னால் ஜனம் வாய்மூடி நடந்து வந்தது. உடையப்பன் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நின்றார். வந்துவிட்டதா! சாமி, வந்துவிட்டதா! யாரையும் கேட்கவில்லை. கேட்கிற உரிமையும் அவருக்கு இல்லை. கரைப்பக்கம் போய் எட்டிப் பார்க்கவும் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து அழகியிடம், "ரெண்டு இட்லி கூட வையி" என்றார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

மறு வருஷம்தான் அந்தக் கடிதம் வந்தது. தபாலாபீசில் பை பிரிக்கும்போது தன் பெயருக்கே ஓர் உறை இருப்பதைப் பார்த்து உடையப்பன் திகைத்தார். சென்னையில் பெரிய பேராசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். மூர்மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் இவர் நூலைக் கண்டெடுத்தாராம். தமிழ்நாட்டுப் பறவைகளைப் பற்றியும் அவற்றைப் பற்றி மக்கள் சொல்வதைப் பற்றியும் தாம் ஒரு பெரிய நூல் எழுதி வருவதாகவும், இப்படி ஒரு சிறுநூலைத் தாம் இதுவரை கண்டதில்லை என்றும், இவர் பெயரோடு பல பக்கங்களை எடுத்தாள விரும்புவதாகவும் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி: 'குருந்தம்பட்டிக் கண்மாயில் இப்போதும் பறவைகள் கூடு கட்டுகின்றனவா? மார்கழியில் நேரில் வர எண்ணம். வேட்டைக்கு இப்போது சட்டம் வந்துவிட்டது. நூலில் பதிவானால் சர்க்கார் காவலும் கிடைக்கும்.'

உடையப்பன் அதைப் பத்துத் தடவை படித்தார். ஒரு மனுஷன் ஆயுசு முழுக்க ஏங்கியது உறையில் வந்து கையில் நிற்கிறது. எழுதியவர் நல்லவர் என்பதும் எழுத்திலேயே தெரிந்தது. காவல் வந்தாலும் வரலாம். ஆனால் காவலுக்கு முன்னால் புத்தகம் வரும். புத்தகத்தில் கண்மாயின் பெயர் வரும். பெயரைப் பார்த்து யார் யார் வருவார்கள் என்பதற்கு யார் ஜவாப்தாரி? சட்டம் காகிதத்தில் இருக்கிறது. துப்பாக்கி கையில் இருக்கிறது. அவருடைய புத்தகமும் நல்லவன் எழுதியதுதானே!

அழகி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்னங்க எழுதியிருக்கு?"

சொன்னார். அவள் முகம் பூத்துவிட்டது. "மெட்ராசுப் புஸ்தகத்துல ஒங்க பேரா? ஆறு வருசம் அலஞ்சதுக்கு ஆண்டவன் இப்பவாச்சும் கண்ணத் தொறந்தானே! எழுதுங்க, வரச் சொல்லி எழுதுங்க."

"வரக் கூடாதுன்னு எழுதப் போறேன்."

"வராதீகன்னு சொன்னா விடுவாகளா? ஏன்னு கேக்க மாட்டாகளா?"

"அதான். பறவையே இல்லைன்னு எழுதணும். நான் எதையும் கண்ணால பாக்கல, கேட்டத வச்சு எழுதுனேன்னு எழுதணும். அப்பத்தான் வர மாட்டாக."

"நீங்க பொய் சொல்லி நான் கேட்டதில்ல" என்றாள் அழகி. பிறகு எழுந்துபோய் ஒரு கார்டும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள்.

நாலே வரி. 'தங்கள் கடிதம் கிடைத்தது. குருந்தம்பட்டிக் கண்மாயில் பறவைகள் இல்லை. அந்நூலில் உள்ளவை நான் நேரில் காணாமல், பிறர் சொன்னதை நம்பி எழுதியவை. தாங்கள் வீணாக அலைய வேண்டாம்.' மறுநாள் தானே முத்திரை குத்தி, தானே பையில் போட்டுக் கட்டினார். ரயில் வந்து பையைத் தூக்கிப் போடும்வரை நேரம் இருந்தது, நினைத்திருந்தால் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

1978 தை மாதம் பேராசிரியரின் புத்தகம் தபாலில் வந்தது. மரியாதைக்கு ஒரு படி அனுப்பியிருந்தார். அறுநூறு பக்கம், வண்ணப் படங்கள். அன்று குருந்தம்பட்டி முறை. பாலத்துக் கட்டைச்சுவரில் உட்கார்ந்து உறையைப் பிரித்தார். பின்பக்கக் குறிப்புகளில் தன் பெயரைத் தேடினார். இருந்தது.

'கல்லல் வட்டாரம் குறித்து உடையப்பன் என்பவர் எழுதிய சிறுநூல் ஒன்று உண்டு. நேரில் காணாமல் எழுதியதாக அவரே ஒப்புக்கொண்டிருப்பதால் நம்பத் தகுந்ததன்று. அதிலிருந்து எதுவும் இந்நூலில் எடுத்தாளப்படவில்லை.'

எதுவும். அந்தச் சொல்லில்தான் அவர் இடிந்துபோனார். ஒரு கண்மாயின் பெயரைத்தான் அழித்தோம் என்று நினைத்திருந்தார். கரிச்சானின் மூன்று பெயர்களும் போய்விட்டன. ஆக்காட்டிக்காகப் பத்து நாள் ஒளிந்திருந்ததும் போயிற்று. சாக்குருவியும் போயிற்று.

"என்ன தபால்காரரே, இங்க உக்காந்திருக்கீக?"

ஆட்டை ஓட்டிக்கொண்டு சிட்டாள் நின்றாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்துவிட்டாள். "யாருக்காச்சும் சாவுச் சேதியா?"

"இல்லக்கா." மறைக்க அவருக்குத் தெம்பில்லை. மெட்ராசிலிருந்து கடிதம் வந்ததையும் தான் என்ன பதில் போட்டார் என்பதையும் சொன்னார். அச்சில் இருந்ததைப் படித்துக் காட்டினார். "நான் பாக்காமப் பொய் எழுதுனவன்னு போட்டுட்டாகக்கா. அத விடுங்க. நீங்க சொன்ன பேரெல்லாம் இருந்துச்சே, அதுவும் சேந்து போச்சு. ஒங்களுக்கும் கெடுதல் பண்ணிட்டேன்."

சிட்டாள் அந்தப் பெரிய புத்தகத்தை வாங்கி இப்படியும் அப்படியும் புரட்டினாள். "இதுல எங்க ஊரு இல்லையா?"

"இல்ல."

"கம்மாயி?"

"எங்கயும் இல்ல."

"வழி?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

அவள் புத்தகத்தை மூடி அவர் கையில் கொடுத்தாள். கரைப் பக்கம் திரும்பினாள்.

"வடகோடியில மஞ்சமூக்கன் நேத்துத்தான் குஞ்சு பொரிச்சிருக்கு" என்றாள். "வாங்க தம்பி, வந்து பாத்துட்டுப் போங்க."

உடையப்பன் புத்தகத்தைச் சுவரிலேயே வைத்துவிட்டு அவள் பின்னால் நடந்தார்.